குழாய்ச் சட்டமும் பந்தயச் சட்டமும்



போன தடவை எங்கள் புதுச்சேரி வீட்டுச் சமையலைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இன்று கார் பந்தயத்தைப் பற்றி எழுதப்போகிறேன். வாழ்நாளில் ஒரு பஜாஜ் ஸ்கூட்டருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளாத கிழவனுக்குக் கார் பந்தயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி ஏற்கனவே கேட்டுவிட்டாள்.

நான் குடியிருப்பது ஏற்காடு அடிவாரத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். மலைப்பாதை எங்கள் தெருவிலிருந்து எட்டும் தூரத்தில் தொடங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்குகள் மேலே ஏறும் சத்தத்தில்தான் கண் விழிக்கிறோம். பொதுச் சாலையில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம் என்று நான் சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. பையன்கள் "சரிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் அந்த ரகம் இல்லை. ஐ.டி.ஐ. படித்தவன். கோரிமேட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவான். பதினொரு மணி வரைக்கும் கிரைண்டர் சத்தம், வெல்டிங் வெளிச்சம். ஏதோ ஜன்னல் கிரில் வேலை எடுத்துச் செய்கிறான் என்று நினைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருநாள் கையில் ஒரு கற்றைக் காகிதத்தோடு வந்து நின்றான்.

"தாத்தா, நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தவங்க. இந்த ரூல்ஸைப் படிச்சு, என் வண்டி எந்த கிளாஸ்ல வரும்னு சொல்லுங்க."

காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். அமெச்சூர்களுக்கான ஒரு கார் பந்தயத்தின் விதிகள். அறுபது பக்கம். படிப்பதற்கு முன் வண்டியைப் பார்க்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய மாருதி 800. சிவப்பு. நம்மில் பலர் கடன் வாங்கி வாங்கிய, அல்லது வாங்க நினைத்து வாங்காமல் விட்ட அதே கார். ஆனால் அவன் முன்பக்க மூடியைத் தூக்கியதும் உள்ளே மாருதி இல்லை. தரை இல்லை, இஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவர் இல்லை. முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். சக்கரம் தொங்குவது குழாயில், இஞ்சின் உட்கார்ந்திருப்பது குழாயில், ஓட்டுநர் இருக்கை போல்ட் போட்டிருப்பதும் குழாயில். மாருதியின் தகரம் மேலே சட்டை மாதிரி போர்த்தியிருந்தது.

இதைத்தான் ஆங்கிலத்தில் டியூப் ஃபிரேம் என்கிறார்கள். தமிழில் குழாய்ச் சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் போடும் மரச்சட்டமும் சட்டம்தான், சட்டசபையில் போடுவதும் சட்டம்தான். அந்தப் பையனின் பிரச்சினை, கொட்டகையில் இருக்கும் சட்டம் காகிதத்தில் இருக்கும் சட்டத்தில் எங்கே அடங்கும் என்பது.

இது ஏன் ஒரு பிரச்சினை என்று புரிய, நம் ஊர் லாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கம்பெனியிலிருந்து வெறும் சேஸ் மட்டும் நாமக்கல்லுக்கு வரும். நீளமான இரண்டு இரும்புத் தண்டு, இஞ்சின், சக்கரங்கள், ஒரு பலகை. அந்தப் பலகையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் வெயிலில் ஓட்டிவருவார். நாமக்கல்லில் மரமும் தகரமும் வைத்து பாடி கட்டுவார்கள். பத்து வருடம் கழித்து பாடியைப் பிரித்துவிட்டு வேறு பாடி கட்டினாலும் அது அதே லாரிதான். பதிவுப் புத்தகத்தில் இருப்பது சேஸ் நம்பர். அதன் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, நம்பரைப் பிரதி எடுத்துக் கோப்பில் ஒட்டுவோம். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேனோ தெரியாது.

சேஸ் என்பது பிரெஞ்சு வார்த்தை. எங்கள் பள்ளிக்கூடத்து மூஸ்யே "ஷாஸி" என்று உதட்டைக் குவித்துச் சொல்லித்தருவார். சேலத்து மெக்கானிக்கிடம் போய் ஷாஸி என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆகவே சேஸ்.

லாரியில் சேஸ் வேறு, பாடி வேறு. ஆனால் மாருதி மாதிரி கார்களில் அப்படிக் கிடையாது. தரை, கூரை, பக்கச் சுவர் எல்லாவற்றையும் தகட்டில் அழுத்தி எடுத்து, ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே கூடாகச் செய்துவிடுகிறார்கள். முட்டை ஓடு மாதிரி. ஓடே எலும்பு. சேஸ் நம்பரும் அந்த ஓட்டின் மேலேயே அடித்திருக்கும். ஆகவே மாருதியின் தரையை வெட்டி எடுத்தவன் சட்டையைக் கிழிக்கவில்லை, முதுகெலும்பை எடுத்துவிட்டான். மீதமிருப்பது மாருதியின் முகம்.

பந்தய விதிகள் எழுதுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. பந்தயக் காரில் பாதுகாப்புக்காக உள்ளே குழாய்க் கூண்டு போடச்சொல்வார்கள். ரோல் கேஜ் என்று பெயர். வண்டி உருண்டாலும் கூரை தலையில் இறங்காது. இது எல்லா வகுப்புக்கும் பொது. ஆனால் கெட்டிக்காரன் என்ன செய்வான்? கூண்டின் குழாயை முன்னால் கொஞ்சம் நீட்டுவான். சக்கரம் தொங்கும் இடத்தில் முட்டுக் கொடுப்பான். அடுத்த வருடம் சக்கரத்தையே குழாயில் மாட்டிவிடுவான். பாதுகாப்புக்கு வந்த குழாய் எந்த இடத்தில் வண்டியாகவே மாறியது? விதி எழுதுகிறவர் அந்த இடத்தில் கோடு போட்டாக வேண்டும். அதனால்தான் குழாய் எத்தனை இடத்தில் ஓட்டைத் தொடலாம், தகரச் சுவரைத் தாண்டலாமா கூடாதா என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த அறுபது பக்கத்தையும் படித்துவிட்டு நான் எனக்காக ஒரு சுலபமான சோதனை வைத்துக்கொண்டேன். தகரம் முழுவதையும் கழற்றி எடுத்துவிட்டால் சக்கரம் வண்டியோடு இருக்கிறதா? இருந்தால் அது குழாய்ச் சட்ட வண்டி. சக்கரமும் தகரத்தோடு போய்விட்டால் அது ஓட்டு வண்டி.

வித்தியாசத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள் என்றால், குழாய் வண்டி கட்டுகிறவனுக்குக் கை கட்டவிழ்ந்துவிடும். எடை குறையும். இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்கலாம். சக்கரத்தைத் தொங்கவிடும் இடத்தைத் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம். ஓட்டு வண்டிக்காரன் தொழிற்சாலை கொடுத்த இடத்தோடுதான் மாரடிக்க வேண்டும். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கொடி அசைப்பது நியாயம் இல்லை.

அமெரிக்காவில் 1944-இல் ஆரம்பித்த எஸ்.சி.சி.ஏ. என்ற சங்கம் அமெச்சூர் பந்தயங்களை இப்படித்தான் பிரித்து நடத்துகிறது. தொழிற்சாலை ஓட்டை வைத்துக்கொண்டு கூண்டு மட்டும் போட்ட வண்டிகளுக்கு 'புரொடக்‌ஷன்' வகுப்புகள். குழாய்ச் சட்டம் போட்டு, மேலே நிஜக் காரின் உருவத்தைப் போர்த்தியவற்றுக்கு ஜி.டி. வகுப்புகள். ஜி.டி.க்குள்ளேயே ஒன்று, இரண்டு, மூன்று என்றும், சிறிய இஞ்சினுக்கு லைட் என்றும் பிரிவு. எந்த இஞ்சினுக்கு எவ்வளவு எடை குறையாமல் இருக்க வேண்டும் என்றும் அட்டவணை உண்டு. அவர்கள் 'ரோடு ரேஸிங்' என்று சொல்வது ஊர்ச் சாலையில் ஓட்டுவதை அல்ல. இடமும் வலமும் வளைவுகள் உள்ள மூடிய பந்தயத் தடத்தில் ஓட்டுவதை.

இந்த மாதிரி மேலே ஒன்று உள்ளே ஒன்றான கார்களுக்கு 'சில்லுவெத்' என்று ஒரு பெயர் இருக்கிறது. நிழலுருவம் என்று அர்த்தம். 2001-இல் பிரான்ஸ் தேசத்து டூரிங் கார் போட்டியையே குழாய்ச் சட்டம் போட்ட சில்லுவெத் கார்களுக்கு மாற்றினார்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தியேன் தெ சில்லுவெத் என்பவர் 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னரிடம் நிதி மந்திரியாக இருந்தவர். செலவைக் குறை, வரியைப் போடு என்று பணக்காரர்களைப் படுத்தி எடுத்ததில் ஒன்பது மாதத்துக்குள் பதவி போய்விட்டது. அந்தக் காலத்தில் ஓவியருக்குப் பணம் கொடுக்க முடியாதவர்கள் கறுப்புக் காகிதத்தில் முகத்தின் ஓரத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வார்கள். சிக்கனமான அந்தப் படத்துக்கு மந்திரியின் பெயரைக் கேலியாக வைத்தார்கள் என்று எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். நிதி இலாகாக்காரர் பெயர் ரேஸ் காருக்கு வந்து சேர்ந்ததில் குமாஸ்தா வர்க்கத்துக்கே ஒரு பெருமை.

குமாஸ்தாக்களைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கார் பந்தய அமைப்பு, கார்களை எத்தனை செய்தார்கள் என்று எண்ணிப்பார்த்து வகுப்பு பிரித்தது. 1966 விதிகளில் 5000 கார் செய்தால் முதல் பிரிவு, 1000 செய்தால் இரண்டாவது, 500 செய்தால் மூன்றாவது, 50 செய்தால் நான்காவது. பிறகு ஒரு பிரிவுக்கு 25 போதும் என்று குறைத்தார்கள். ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1969-இல் 917 என்று ஒரு ராட்சசக் காரைச் செய்தது. பரிசோதகர்கள் வந்து பார்த்தபோது முழுதாக முடிந்தவை சிலதான், மற்றவை அரைகுறை. "25-ஐயும் முடித்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அலுவலக ஊழியர்களைக்கூடக் கூப்பிட்டு ஸ்பானரைக் கையில் கொடுத்து வண்டிகளை மாட்ட வைத்தார்கள் என்பார்கள். அந்த ஏப்ரலில் 25 கார்களையும் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள்.

அந்த 917-ம் குழாய்ச் சட்டம்தான். அலுமினியக் குழாய். சட்டம் மட்டும் ஐம்பது கிலோவுக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய குழாயில் வெல்டிங் எங்காவது விரிசல் விட்டால்? குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து, ஓட்டுநர் பார்க்கிற மாதிரி ஒரு அளவுமானி வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று அர்த்தம். இதைப் படித்தபோது அப்படியே நிறுத்திக்கொண்டேன். காரணம் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நம் ஊரிலும் இதெல்லாம் நடந்திருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் பந்தயம். எழுபதுகளில் என் மைத்துனர் என்னை ஒருமுறை அழைத்துக்கொண்டு போனார். வெயிலும் புழுதியும் பெட்ரோல் வாசனையும் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு எல்லாம் சீறிக்கொண்டு போயின. நடுவில் கதவோ கூரையோ இல்லாத ஒரு வண்டி நின்றது. குழாயை வளைத்துக் கட்டி, அதில் ஃபியட் இஞ்சினை வைத்திருந்தார்கள். "இது எந்தக் கம்பெனி சார்?" என்று பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நின்றவரைக் கேட்டேன். "எங்க வீட்டுக் கம்பெனி" என்றார். அந்த மாதிரி வண்டிகளை 'ஸ்பெஷல்' என்று ஒரு வகுப்பாகச் சேர்த்துத் தனியாக ஓட விடுவார்கள் என்று மைத்துனர் சொன்னார்.

பிறகு எண்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூர் கரிவர்தன் அவர்கள் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், அதில் மாருதி 800-இன் 796 சி.சி. இஞ்சின். எல்லோருக்கும் அதே வண்டி. வண்டி ஒன்றாக இருந்தால் வகுப்புத் தகராறு குறைவு. ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா என்பதுதான் கேள்வி. ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகைக் காரில் இளவயதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். இருங்காட்டுக்கோட்டைத் தடம் அதற்கு முன்பே 1990-இல் வந்துவிட்டது. நம் பையன்களுக்கு ஓட்ட இடம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏற்காட்டு மலைப்பாதை அதற்கு அல்ல.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். அவன் கொண்டுவந்த விதிகளில் ஒருபக்கம் டூரிங் கார் வகுப்புகள். அதற்குத் தொழிற்சாலை ஓடு வேண்டும். இன்னொரு பக்கம் ஒற்றை இருக்கை வகுப்புகள். அதற்குக் குறிப்பிட்ட வண்டி வேண்டும். இவனுடையது முகத்தில் டூரிங், முதுகில் ஒற்றை இருக்கை. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

"டூரிங்ல போட்டுடறேன் தாத்தா. வெளிய பாத்தா மாருதிதானே" என்றான்.

"பரிசோதனையில் பானட்டைத் திறக்கச் சொல்வாங்களே, கண்ணு?"

அவன் பதில் சொல்லவில்லை.

இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் 'பிரெவே' முடித்துவிட்டு, அம்மா ஊரான சேலத்துக்கு வந்து அரசாங்க வேலைக்கு மனுப் போட்டவன் நான். விண்ணப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று ஒரு கட்டம். என்னிடம் இருந்த சான்றிதழ் முழுக்கப் பிரெஞ்சு. ஒரு அலுவலகத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "எஸ்.எஸ்.எல்.சி.ன்னே எழுதிடுப்பா, யார் பாக்கப் போறாங்க" என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல வேளையாக நான் எழுதவில்லை. வேறொரு அலுவலகத்தில் வயதான ஒரு சூப்பிரண்டெண்ட், பழைய உத்தரவுக் கட்டைத் தூசி தட்டி எடுத்து, பிரெவே அதற்குச் சமம் என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் எண்ணைத் தன் கையால் என் விண்ணப்பத்தில் எழுதினார். அந்த ஒரு வரியில்தான் என் முப்பத்தைந்து வருடச் சம்பளமும் இன்றைய பென்ஷனும் நிற்கிறது.

ஆகவே பையனுக்கும் ஒரு வரி கிடைக்குமா என்று அறுபது பக்கத்தையும் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் வகுப்பைவிடப் பெரிய விஷயம் கண்ணில் பட்டது.

பாதுகாப்புக் கூண்டுக்கான பக்கம். சர்வதேச விதியிலிருந்து எடுத்தது. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் வரும் முக்கிய வளைவு, வெல்டிங் இணைப்பு இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாயில் இருக்க வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் சுவர் கனம் 2.5. விட்டம் 50 என்றால் கனம் 2. அதற்குக் குறையக்கூடாது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மூலையில் வெட்டிப்போட்ட குழாய்த் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டேன். நெடுக ஒரு தழும்பு தட்டுப்பட்டது. தகட்டைச் சுருட்டி விளிம்புகளைப் பற்றவைத்த குழாய். கேட்டுக்கும் நாற்காலிக்கும் போடுவது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் விட்டம் 38, கனம் ஒன்றரை சொச்சம். எட்டு மாதத்து வெல்டிங் முழுக்க அந்தக் குழாயில். வேகத்தில் உருண்டால் அந்தத் தையல் திறந்துகொள்ளலாம். உள்ளே இருக்கப்போவது அவன்.

சொல்வதா வேண்டாமா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் என்னைக் கேட்டது எந்த வகுப்பு என்று மட்டும்தான். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

முன்பு ஒருமுறை நான் அப்படித்தான் செய்தேன். ஊரும் வருடமும் வேண்டாம். ஒரு ஜீப்பின் கோப்பு என் மேஜைக்கு வந்தது. ஆள் ஏற்றுவதற்காக நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். காகிதங்கள் எல்லாம் சரி. ஒட்டியிருந்த சேஸ் நம்பர் பென்சில் பிரதியில் மட்டும் நடுவில் ஒரு மேடு தெரிந்தது. பக்கத்திலேயே வெல்டிங் செய்திருந்தால்தான் அப்படி வரும். எனக்குப் புரிந்தது. ஆனால் குமாஸ்தாவின் வேலை காகிதம் சரியா என்று பார்ப்பது. வண்டியைப் பார்ப்பது வேறொருவர் வேலை. ஓரத்தில் என் சுருக்கெழுத்தைப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். சில மாதங்கள் கழித்து அந்த ஜீப் ஒரு வளைவில் இரண்டாக மடங்கியது. உயிர் போகவில்லை. ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கோப்பு சரியாகவே இருந்தது. இதை இதுவரைக்கும் நான் எழுதியதில்லை. என் மனைவிக்கே போன மாதம்தான் தெரியும்.

காலையில் அவன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டுக் குழாய்த் துண்டைக் கையில் கொடுத்தேன். "உள்ள விரலை விட்டுப் பாரு சாமி" என்றேன். பார்த்தான். லேத் பட்டறைக்காரன், விளக்க வேண்டியதில்லை. விதியின் அந்தப் பக்கத்தையும் காட்டினேன்.

"எட்டு மாசம் தாத்தா" என்றான். முகம் சிவந்துவிட்டது. "என் சம்பளம் முழுக்க இதுலதான் போயிருக்கு. கிளாஸ் கேட்டா நீங்க கூண்டையே பிரிக்கச் சொல்றீங்க."

காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு பதினேழு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. அவன் அம்மா தண்ணீர்க் குழாயடியில் என் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொட்டகையில் விளக்கும் எரியவில்லை. ஒருநாள் ராத்திரி மலைப்பக்கம் ஏதோ ஒரு வண்டி இரைந்துகொண்டு ஏறும் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போய், சத்தம் தேயும் வரைக்கும் நின்றேன். அது அவன் இல்லை. கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது.

பதினெட்டாம் நாள் கிரைண்டர் சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தேன். பின் வளைவை அறுத்துக் கீழே வைத்திருந்தான். என்னைப் பார்த்து, "சீம்லெஸ் குழாய்க்கு ஆர்டர் குடுத்திருக்கேன் தாத்தா. ஆசையா வாங்கின அலாய் வீலை வித்துட்டேன்" என்றான். வேறெதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்று மாலை வகுப்பு விஷயத்துக்கு வந்தோம். மறைத்து நுழைவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று சொன்னேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒரே பக்கம். வண்டியின் ஓடு இன்னது, சட்டம் இன்னது, இஞ்சின் 796 சி.சி., எடை இவ்வளவு, கூண்டு இந்த அளவில் கட்டப்படும், எந்த வகுப்பில் அனுமதிப்பீர்கள் என்று நம்பர் போட்டு ஐந்து கேள்விகள். "இவ்வளவு பச்சையா எழுதணுமா தாத்தா?" என்று கேட்டான். கட்டத்தில் அடங்காதவன் பச்சையாகத்தான் எழுத வேண்டும் என்றேன்.

பத்து நாளில் பதில் வந்தது. டூரிங் வகுப்பில் இடம் இல்லை, தொழிற்சாலை ஓடு இல்லாததால். ஆனால் அதே கூட்டத்தில், ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓடவிட்டு நேரம் எடுக்கும் ஒரு திறந்த பிரிவு இருக்கிறது. வீட்டில் கட்டிய வண்டியும் வரலாம். கூண்டு விதிப்படி இருக்க வேண்டும், பரிசோதனையில் தேற வேண்டும். சோழவரத்தில் பார்த்த அந்த "எங்க வீட்டுக் கம்பெனி" மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை வெல்லப்போவதில்லை. ஆனால் பொய்க் கணக்கும் இல்லை. வண்டியைச் சாலையில் ஓட்டாமல் டிரெய்லரில்தான் ஏற்றிக்கொண்டு போவதாக என்னிடம் தனியாக ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

வண்டி இன்னும் முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை புதுக் குழாயில் முக்கிய வளைவை வளைத்து முடித்தான். என்னைக் கூப்பிட்டு வெர்னியரைக் கையில் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அளந்தேன். விட்டம் 45. வெட்டிய துண்டில் கனம் பார்த்தேன், 2.5. விரலை உள்ளே விட்டேன், வழவழவென்று இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்க தாத்தா" என்றான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, இருக்கட்டும்" என்றான்.

இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினேன்.

சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், அந்த வீட்டுத் தயாரிப்பு வண்டிகளைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள். பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அடுத்த முறை நிச்சயமாகச் சமையல்.